கீழ் வீட்டுப் புல்தரையில் அள்ளிய புழுமண்

அன்று காலை அங்கே இருந்தவர்கள் இவர்கள்தான்: புல்தரையில், கையில் எவர்சில்வர் டப்பாவும் பழைய கரண்டியுமாக நான், வாசற்படியில், நான் பாபிஜி (அண்ணி) என்று கூப்பிடும் கீழ் வீட்டுக்காரி, அவளுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு அவளுடைய மருமகள், முந்தின நாள்தான் பஞ்சாபிலிருந்து வந்து இறங்கியிருந்த பாபிஜியின் நாத்தனார், மேலே எங்கள் பால்கனியில், முகத்தில் பாதிச் சவர நுரையோடு என் கணவர். வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்களோ என்று இத்தனை வருஷம் கழித்தும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

டெல்லி சரோஜினி நகரில் எங்களுக்கு மாடிக் குவார்ட்டர்ஸ். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கல்யாணம் செய்து அனுப்பப்பட்டவள் நான். இந்தியில் ஒரு சொல்கூடத் தெரியாது. கேஸ் மூடினேனா, தாழ்ப்பாள் போட்டேனா, இவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறாரா என்று நாளெல்லாம் பயந்துகொண்டிருந்த என்னை, மதராஸ்காரி என்ற அர்த்தத்தில் கீழேயிருந்து “அரீ மதராஸன், உயிரோடு இருக்கிறாயா?” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே மனுஷியாக்கியவள் பாபிஜி. அவளுக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. கடுகு தாளிக்கும் வாசனை மேலேயிருந்து வந்தால் கிண்ணத்தோடு படியேறி வருவாள். அவளோடு பேசிச் சிரித்துத்தான் எனக்கு இந்தி வந்தது. இலக்கணம் வரவில்லை, தைரியம் வந்தது.

ஒரு மழைக்காலத்தில் நாங்கள் ஊருக்குப் போனபோது, பால்கனித் தொட்டிகளைத் தன் புல்தரை ஓரத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். திரும்பி வந்து பார்த்தால், குச்சியாக நின்ற என் மல்லிகை கிளை கிளையாகத் துளிர்த்திருந்தது. தொட்டி மண்ணின் மேல் சின்னச் சின்னச் சுருளாக, ஓமப்பொடியை உதிர்த்துப்போட்ட மாதிரி ஏதோ குவிந்திருந்தது. அடித்துவாரம் வழியாகத் தரையிலிருந்து மண்புழு ஏறியிருக்கிறது. புழு வேரைத் தின்றுவிடுமோ என்று முதலில் எனக்கு உதறல்தான். ஆனால் தளிர் பொய் சொல்லாதே. அதற்குப் பிறகு மழை விட்ட காலைகளில் அவளுடைய புல்தரையில் அந்தக் குவியல்களைக் கரண்டியால் அள்ள ஆரம்பித்தேன். அடுத்த மழை வந்தால் எல்லாம் கரைந்து சேறாகிவிடும், அதனால் விடிந்ததும் இறங்கிவிட வேண்டும். தொட்டியின் மேல்மண்ணை ஒரு விரல்கணு அளவுக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, தண்டைத் தொடாமல் சுற்றிலும் இந்தப் புழுமண்ணைப் பரப்பி, கையால் தண்ணீர் தெளிப்பேன். பத்து நாளில் இலையின் நிறமே மாறும். நம் ஊர்ச் சாமான் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே கறிவேப்பிலை கிள்ளினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாபிஜிக்கு அது பெரிய தமாஷ். “ஊர் உலகமே பூ வாங்குது, இவ கேஞ்சுவாவோட பீயை வாங்க வர்றா,” என்று அக்கம்பக்கமெல்லாம் கேட்கச் சொல்வாள். “லே ஜா, எடுத்துட்டுப் போ, எங்க புழு உனக்காகத்தான் ராத்திரி முழுக்க முறுக்குச் சுத்துது.” மண்புழுவுக்கு இந்தியில் கேஞ்சுவா என்று பெயர் என்பதே அப்படித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் அவள் மருமகளுக்கு வயிற்றில் தங்கிய பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. நான்தான் ரசஞ்சாதம் கரைத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணுக்கு ஊட்டினேன். பாபிஜி என் தோளில் சாய்ந்து அழுதாள். மருமகளைப் பார்க்கத்தான் நாத்தனார் வந்திருந்தாள். விடியற்காலையில், பிள்ளை போன வீட்டு வாசலில் ஒருத்தி குனிந்து மண் அள்ளி டப்பாவில் போடுவதைக் கண்டால் அவளுக்கு என்ன தோன்றும்? “டோனா! வாசல் மண்ணை அள்ளுறா, பாருங்க!” என்று ஒரே கூச்சல். டோனா என்றால் செய்வினை. எனக்கு அந்தச் சொல் அன்றைக்குப் புரியவில்லை; ஏதோ திருட்டு என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் மண் உங்களுக்கே, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று காட்டத்தான் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பதற்றத்தில் அதைக் கவிழ்த்த இடம் அவர்கள் வாசற்படி.

நாத்தனார் மருமகளை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் பாபிஜியைப் பார்த்தேன். சிரித்துவிட்டு, ‘இது கேஞ்சுவா முறுக்கு’ என்று அவள் சொன்னால் போதும். படியில் கிடந்த மண்ணைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கதவைச் சாத்தினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“ஏன்டி, எடுத்ததை எடுத்தபடி மேல வந்திருக்கலாம்ல? அங்கேயே எதுக்குக் கவுத்த?” என்றார் இவர். “சாயந்திரம் நான் போய்ப் பேசுறேன், விடு.” போய்ப் பேசினார். டீ கொடுத்தார்களாம். அச்சா, அச்சா என்றார்களாம். மறுநாள் அவர்கள் வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கியது. அதற்குப் பிறகு கீழேயிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை.

குளிர் முடிந்த சமயம், பாபிஜி ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அந்த மருமகள் மட்டும் மேலே வந்தாள். இருபது வயதிருக்கும். மறுபடி நாள் தள்ளியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லையாம். துப்பட்டாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, “ஆன்ட்டிஜி, ஜோ கியா ஹை, வாபஸ் லே லோ,” என்றாள். செய்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள்! நான் பதறிப்போய், ஒன்றுமே செய்யவில்லை கண்ணு, செடிக்குப் போடத்தான், வந்து பார் என்று பால்கனிக்குக் கூட்டிப்போனேன். மல்லிகையைக் காட்டினேன். கறிவேப்பிலையைக் காட்டினேன். அவள் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வெளிறியது. “உங்க வீட்டுல எல்லாம் எப்படித் தழைக்குது பாருங்க,” என்றாள். எந்தச் சாட்சியை நான் காட்டினேனோ, அதுவே எனக்கு எதிராக நின்றது.

இல்லை இல்லை என்று சத்தியம் செய்திருக்கலாம். செய்தால் அவள் அந்தப் பயத்தை வயிற்றோடு சுமந்துகொண்டு படியிறங்கிப் போவாள். பயம் ஒரு மனுஷியை உள்ளே என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாதா? தொட்டிகளின் மேலிருந்த புழுமண்ணையெல்லாம் வழித்து ஒரு செய்தித்தாளில் பொட்டலம் கட்டி அவள் கையில் கொடுத்தேன். தலையில் கை வைத்தேன். “லே லியா, பேட்டி. ஸப் வாபஸ் லே லியா.” எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன், மகளே என்றேன். அவள் என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள். பால்கனியிலிருந்து பார்த்தேன், அந்த மண்ணைப் புல்தரையில் தூவிவிட்டு, லேசான நடையோடு உள்ளே போனாள்.

நல்லபடியாக ஆண்பிள்ளை பிறந்தது. பிளாக் முழுக்க வீட்டுக்கு ஒரு டப்பா லட்டு வந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு. மேலே வந்துபோனதை மருமகள் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். இவர் சந்தோஷமாகச் சாப்பிட்டார். நான் தொடவில்லை. கொடுத்தது பிரியம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது துவாரகாவில் ஆறாவது மாடியில் இருக்கிறோம். நர்சரியில் இதே மண்ணைப் பளபளப்பான பையில் போட்டு விற்கிறார்கள். பக்கத்து ஃபிளாட் பெண்கள் வாங்கி வந்து, எவ்வளவு போடணும் ஆன்ட்டி என்று என்னைக் கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன். நான் அன்றைக்குச் சொன்ன பொய் சரியா, தப்பா? அந்தப் பெண்ணை நினைத்தால் சரி என்று படுகிறது. பாபிஜியை நினைத்தால் தெரியவில்லை. அந்த ஒரு சொல்லால் நான் செய்யாததைச் செய்தவளாகிவிட்டேன். அந்தக் குவார்ட்டர்ஸில் இருந்தவரை, போய் அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை பாதிப் படிவரை இறங்கியிருக்கிறேன். சொன்னால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவர்கள் மறுபடி பயப்படுவார்களே என்று அதே படியில் திரும்பி ஏறியிருக்கிறேன்.

பாபிஜியின் கணவர் ரிட்டயர் ஆகி வீட்டைக் காலி செய்த அன்று நான் கீழே போனேன். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. பேரன் அவள் இடுப்பில் இருந்தான். என்னைக் கண்டதும் சட்டென்று அவனை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுத்த நொடியே, அதனால் எனக்குக் கோபம் வந்துவிடுமோ என்று நினைத்தாளோ என்னவோ, அவனை என் முன்னால் நீட்டினாள். “லீஜியே பெஹன்ஜி, வாங்கிக்கோங்க அக்கா, ஆசீர்வாதம் பண்ணுங்க,” என்றாள். வாங்கிக்கொண்டேன். நல்ல கனம். கொழுகொழுவென்று இருந்தான், என் தாலிச்சரட்டைப் பிடித்து இழுத்தான். ஏதாவது பேசு பாபிஜி என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பிடித்திருந்த என் கைகளையே, நான் திருப்பிக் கொடுக்கும்வரை, மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.