வெயில் விற்கப் போன மாடிகள்

சோலார் விற்கிறவனுக்கு வாடிக்கையாளரின் முகம் மறந்துபோகும், அவர் வீட்டு மொட்டைமாடி மறக்காது.

ஒரு அரிசி மண்டியில் பல வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்துவிட்டு, நாற்பது வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். மாடியில் சூரியத் தகடு பொருத்தித் தரும் ஏஜென்சி. பூமியைக் காப்பாற்ற வந்தேன் என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு மாடிகள் பிடிக்கும். காய்கிற புடவைகள், தண்ணீர்த் தொட்டிகள், தூரத்தில் கோடு போட்ட மாதிரி கடல், உள்ளே வர இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் கப்பல். அளவெடுக்க ஏறினேன் என்றால் கால் மணியில் முடிய வேண்டிய வேலை ஒரு மணி நேரம் ஆகும். காரைக்கால் முழுக்க நீல மாடிகளாக ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டு நிற்பேன். கீழேயிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டால்தான் இறங்குவேன்.

இன்ஷூரன்ஸ் பிடித்தவர்கள், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றவர்கள், தங்கைக்கு வரன் பார்த்தவர்கள் எல்லாரும் என் கட்சி. "யோசிச்சு சொல்றோம்" என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஒரு மாடியில், ஒரு மனிதரின் மூச்சையே பணயம் வைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நேரே சொல்ல தைரியம் வராததால் மற்ற இடங்கள் வழியாக அங்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீக்கடை எதிர்க்கட்சி

தலத்தெருவில் நான் டீ குடிக்கும் கடையில் சிங்காரவேலு அண்ணனும் டீ குடிப்பார். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் டீசல் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். நான் பெஞ்சில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிடுவார். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் ஒரு பக்கம் நிலக்கரி இறங்கிக்கொண்டே இருக்கிறது, இன்னொரு பக்கம் என்னை மாதிரி ஒருத்தனை அனுப்பி சூரியனைக் கும்பிடச் சொல்கிறார்கள், இதில் எது அரசாங்கத்தின் பேச்சு என்று கேட்பார். மானியம் என்று சொல்லி இழுப்பார்கள், எல்லாரும் மாட்டிய பிறகு விதியை மாற்றுவார்கள் என்பார்.

அவர் தொழில் போய்விடும் என்ற பயத்தில் பேசுகிறார் என்று முதலில் நினைத்தேன். அது கொஞ்சம்தான். அவருக்கு நிஜமாகவே சந்தேகம் இருந்தது, அதில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை என்பதுதான் தொல்லை. ஒரு நாள் சூடு தாங்காமல், உலகமே மாறிக்கொண்டிருக்கிறது, நீங்கள் மட்டும் இப்படி உட்கார்ந்திருந்தால் எப்படி என்று கேட்டுவிட்டேன். அண்ணன் டீயை ஆற்றி ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"நான் மாற மாட்டேன்னு சொல்லலப்பா. பிளாஸ்டிக் பைய நிறுத்துனப்ப, அப்ப மீன் எதுல வாங்குறதுன்னு ஒரு கேள்வி கேட்டேன். அதுக்கே இன்னும் யாரும் பதில் சொல்லல."

அறுப்பு நேரத்து வெயில்

விழிதியூரில் ஒரு விவசாயி, மோட்டார் கொட்டகைக் கூரைக்கு விலை கேட்டிருந்தார். போன நேரம் நல்ல நேரம். நடவு முடிந்து பத்து நாள் ஆன வயல், தண்ணீரில் மேகம் மிதந்தது. வரப்பில் உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்பதைவிட, நான் பாதி நேரம் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இப்போது மோட்டாருக்குக் கரண்ட் காசில்லாமல் வருகிறது. தகடு மாட்டினால் உனக்குத்தான் சூரியன் இருக்கிறதே என்று அதை நிறுத்திவிட மாட்டார்களா? இன்றைக்கு விருப்பம் என்பார்கள், நாளைக்குக் கட்டாயம் என்பார்கள்.

அப்படி ஒரு உத்தரவு எதுவும் இல்லையே என்றேன். உத்தரவு எப்போதும் பின்னால்தான் வரும் என்றார். சரி, அதை விடுங்கள், சூரியனை நம்பலாம் இல்லையா, அவருக்கு ஏது அரசியல் என்று ஒரு போடு போட்டேன். விலை கேட்டவர் அந்த இடத்தில்தான் எழுந்து துண்டை உதறினார்.

"அவரு மேல எனக்கே ஒரு கோவம் இருக்குங்க. போன சம்பாவுல கதிரெல்லாம் சாஞ்சு தண்ணியில கெடந்தப்ப, ஒரு நாளாச்சும் வந்து எட்டிப் பாத்தாரா? அவரு கண்ணாடிய என் கொட்டாயில ஏத்தச் சொல்றீங்க."

கிளிஞ்சல்மேட்டு நெத்திலி

கிளிஞ்சல்மேட்டில் செல்லம்மா அக்கா கருவாடு வியாபாரம். மகன் குவைத்தில். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அங்கிருந்தே ஏற்பாடு செய்து மாடியில் தகடு மாட்ட வைத்தான். எவ்வளவு மின்சாரம் உற்பத்தியாகிறது என்று போனிலேயே பார்க்கலாம். அவனும் பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு தினமும் தன் வீட்டு வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அது எனக்குப் புரிகிற ஆசை.

இரண்டாவது மாதம் அவனிடமிருந்து போன். காலை பத்து மணிக்கு உற்பத்தி படுத்துவிடுகிறதாம், மூன்று மணிக்கு எழுந்துகொள்கிறதாம். உச்சி வெயிலில் அப்படி ஆகவே ஆகாது. மெஷினில் கோளாறு என்று நினைத்துக் கருவிகளோடு ஓடினேன். மாடியில் தகடுகள் மேல் பழைய வலையை இழுத்துக் கட்டி, அதன்மேல் நெத்திலி பரப்பியிருந்தது. ஒரு இஞ்ச் இடம் பாக்கியில்லை. அத்தனையும் வெள்ளியாக மின்னியது. திட்டப் போனவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். தரையில் இரண்டு நாள் காய்கிற மீன் இங்கே ஒரே நாளில் காய்கிறதாம், சாய்வாக இருப்பதால் தண்ணீர் வடிந்துவிடுகிறதாம். அக்கா, இது கரண்டுக்காக வைத்தது என்று ஒரு வழியாகச் சொன்னேன். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"வெயில வீணாக்கக் கூடாதுன்னு நீதானய்யா அன்னிக்கி அவ்ளோ நேரம் பேசுன. நான் ஒரு பொட்டு வீணாக்குனனா, நீயே பாத்து சொல்லு."

மரியம் மாமியின் மாடி

இப்போது அந்த மாடிக்கு வந்துவிட்டேன். பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் மரியம் மாமி வீடு. மாமா கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்தவர், நுரையீரல் கெட்டுப்போய் வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்து மூச்சு விடுகிறவர். மெஷின் பகலெல்லாம் ஓடுவதால் கரண்ட் பில் ஏறிவிட்டது என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். மாமி எதையும் நம்பாத ஆள். தகட்டைத் தட்டிப் பார்த்தார், உப்புக்காற்றில் போல்ட் துருப்பிடிக்குமே என்றார், புயலில் பறந்து பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு என்றார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

கடைசியாக, கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. இந்த மாதிரி தகடு, தெரு லைனோடு சேர்ந்துதான் ஓடும். தெருவில் கரண்ட் நின்றால் இதுவும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஆள் ஏறி வேலை செய்யும்போது நம் மாடி மின்சாரம் போய் அவரைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பேட்டரி தனியாக வைத்தால்தான் மின்தடையில் ஓடும். இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். அன்று அரசலாறு கடலில் சேரும் இடத்தில் படகுகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. புறாக்கள் ஒரு சுற்று வந்து பள்ளிவாசல் மினாராவில் உட்கார்ந்தன. நான் எங்கேயோ இருந்தேன். வாய் மட்டும், இனிமேல் கரண்ட் பற்றிக் கவலையே வேண்டாம் மாமி என்று சொன்னது. அதற்கு மாமி சொன்னதில் கடைசி வரிதான் அன்று என் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் ஒரு மாதம் கழித்துத்தான் விழுந்தது.

"அப்ப ஷட்டவுன் அன்னிக்கெல்லாம் மாமாவ அம்பகரத்தூர் தங்கச்சி வீட்டுக்குத் தூக்கிக்கிட்டு அலைய வேணாம். அல்லா ஒங்க தொழில்ல பரக்கத் செய்யட்டும் தம்பி."

பராமரிப்பு நாள்

பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். வழக்கமாக மாமி முதல் நாளே கார் சொல்லிவிடுவார். இந்த முறை சொல்லவில்லை. நான் அப்போது வேறொரு மாடியில் இருந்தேன், போன் கீழே பையில் இருந்தது. இறங்கி வந்து எடுத்தபோது மூன்றாவது அழைப்பு. வெயில் நன்றாக அடிக்கிறது, மெஷின் ஓடவில்லை, எந்த சுவிட்சைப் போட வேண்டும் என்று மாமி நிதானமாகக் கேட்டார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. அப்படி ஒரு சுவிட்ச் இல்லை மாமி என்று சொன்னேன். மாமாவுக்கு மூச்சு இழுக்கிறது, கையிலிருக்கும் சின்ன சிலிண்டர் இன்னும் அரை மணிக்குத்தான் என்றார்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். வண்டி வெளியே போயிருக்கிறது, வரும் என்றார்கள். அடுத்து யோசிக்காமல் சிங்காரவேலு அண்ணனைக் கூப்பிட்டேன். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, தெரு பெயரை மட்டும் கேட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது லோடு ஆட்டோ வாசலில் நின்றது, சின்ன ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, வயர் ஜன்னல் வழியாக உள்ளே போயிருந்தது. மாமாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அந்த உதட்டையே பார்த்தேன். என் வாழ்நாளில் நான் வேறெங்கும் போகாமல் ஒரே இடத்தில் இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான். மெதுவாக நிறம் திரும்பியது. ஆம்புலன்ஸில் வந்த பெண் பரிசோதித்துவிட்டு, இனி பயமில்லை, கரண்ட் வரும் வரை ஜெனரேட்டரை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிப் போனார். வெளியே வெயில் கொளுத்தியது. மாடியில் என் தகடுகள் சும்மா கிடந்தன. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"இன்னிக்கி ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாளைக்கி டீக்கடைக்கி வா, எல்லாத்தயும் சேத்து வச்சு சொல்றேன்."

மாமியின் நம்பர்

மறுநாள் டீக்கடைக்குப் போகவில்லை. தகடுகளைக் கழற்றிக்கொண்டு போகிறேன் என்று சொல்ல மாமி வீட்டுக்குப் போனேன். மாமி என்னை உட்கார வைத்து, இன்னும் எத்தனை பேரிடம் இப்படிச் சொல்லாமல் விட்டாய் என்று கேட்டார். தெரியாது என்றேன், அதுதான் உண்மை. அப்படியானால் முதலில் அந்த வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். நான்கு நாள், மாட்டிய வீடுகளுக்கெல்லாம் போய், மின்தடையில் இது ஓடாது என்று ஒவ்வொருவரிடமும் மறுபடி சொன்னேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர், அன்றைக்கே சொன்னாயே, மறந்துவிட்டாயா என்று என்னைக் கவலையாகப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது மாமி முடிவெடுத்திருந்தார். தகடு இருக்கட்டும். மெஷினுக்கென்று தனி பேட்டரி வாங்கி வைத்தாகிவிட்டது, அதையும் நம்பாமல் ஷட்டவுன் அன்றைக்கு அம்பகரத்தூருக்குக் காரும் சொல்லியாகிவிட்டது. இதோடு ஒரு நிபந்தனை. இனி நான் பேசும் ஒவ்வொருவரிடமும் மாமியின் போன் நம்பரைக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறேன். அவர்கள் மாமியைக் கூப்பிடுகிறார்கள். துரு, புயல், மின்தடை, மாமாவின் உதடு என்று மாமி ஒன்றுவிடாமல் சொல்கிறார். அதைக் கேட்ட பிறகும் பலர் வாங்கத்தான் செய்கிறார்கள், குறையை முதலிலேயே சொல்லிவிட்டார்களே என்று. போன வாரம் நான் அங்கே இருக்கும்போதே ஒரு அழைப்பு வந்தது. கட்டிலில் மாமா கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமி என்னைப் பார்த்துக்கொண்டே போனில் பேசினார்:

"கண்ணாடி நல்ல கண்ணாடிதாங்க. அந்தத் தம்பிதான் பேசிக்கிட்டு இருக்கும்போதே எங்கயாச்சும் போயிடும். அதனால எதையும் ரெண்டு தடவ கேளுங்க, மாடிக்கி மட்டும் கூட்டிக்கிட்டுப் போயிக் கேக்காதீங்க."

சூரியனைச் சந்தேகப்பட்டார்கள், அரசாங்கத்தைச் சந்தேகப்பட்டார்கள், என் சரக்கைச் சந்தேகப்பட்டார்கள் என்று ஊரைக் குறைசொல்லித் திரிந்த எனக்கு, சந்தேகப்பட வேண்டிய ஆளை மட்டும் அவர்கள் இத்தனை நாள் விட்டுவிட்டார்கள் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.