மறுமதிப்பீட்டுக்கு எங்கே விண்ணப்பிப்பது?

டெக்சாஸில் நாங்கள் இருக்கும் தெருவில் டிசம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் ஈ காக்காய் இருக்காது. அன்று கல்லூரி ஆட்டம் எதுவும் கிடையாது. கல்லூரிக் கால்பந்தில் கோப்பைக்காக மேற்கொண்டு ஆடப்போகும் அணிகள் எவை என்று ஒரு குழு அறிவிக்கும். அதைத்தான் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கும். இங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. அதையே ஏற்றுக்கொண்டவன் நான். இந்தக் குழுவைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

என் மகள் யாழினி கல்லூரி பேண்டு வாத்தியத்தில் டிராம்போன் என்ற நீளப் பித்தளைக் குழல் வாசிக்கிறாள். இது கடைசி வருடம். அணி எங்கே போகிறதோ பேண்டும் அங்கே போகும். தேர்வானால் தேசமே பார்க்கும் மைதானத்தில் அவள் கடைசியாக ஒருமுறை அணிவகுத்துப் போவாள். தேர்வாகாவிட்டால் வேறு சில்லறை ஆட்டம் எதற்கும் போவதில்லை என்று கல்லூரி வீம்பாகச் சொல்லியிருந்தது. ஆகஸ்ட் வெயிலில் தார்த் தரையில் பயிற்சி செய்துவிட்டுக் கழுத்துத் தோல் உரிந்து வந்தவள் அவள்.

எங்கள் அணி ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றிருந்தது. குழு எங்களைக் கழற்றிவிட்டு, மூன்று ஆட்டம் தோற்ற ஒரு பெரிய கல்லூரியைச் சேர்த்துக்கொண்டது. கூட உட்கார்ந்து பார்த்த எதிர்வீட்டு ரேண்டியிடம் நியாயம் கேட்டேன். “அவர்கள் தோற்றது பெரிய டீம்களிடம். அதெல்லாம் குவாலிட்டி லாஸ்,” என்றார். தரமான தோல்வி! கணக்கில் நான் கோட்டை விட்ட அன்று இந்தச் சொல் கைவசம் இருந்திருந்தால் அப்பாவின் பெல்ட்டுக்கு வேலை இருந்திருக்காது.

நான் என்ஜினீயரிங் கவுன்சலிங்கில் வந்தவன். கட்-ஆஃப் அரை மார்க் குறைந்து, கேட்ட பிரிவு கிடைக்கவில்லை. அழுதேன், ஆனால் யாரையும் சந்தேகப்படவில்லை. கிரீன் கார்டு வரிசையில்கூட என் இடம் எது என்று காட்ட என் கையில் ஒரு தேதி உண்டு. இங்கே மார்க்கும் இல்லை, தேதியும் இல்லை. குழுவினர் ஹோட்டலில் கூடி, சாப்பிட்டு, ‘பார்த்தாலே தெரிகிறது, இது நல்ல டீம்’ என்கிறார்கள். பஜ்ஜி சொஜ்ஜியோடு பெண்ணைப் பார்த்துவிட்டு, ‘ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்’ என்று எழுந்துபோகும் மாப்பிள்ளை வீட்டார்தான். அவர்களாவது ஜாதகம் என்று ஏதோ ஒன்றைக் காரணம் காட்டுவார்கள்.

சரி, ரீவேல்யுவேஷனுக்கு எங்கே அப்ளை பண்ணுவது என்று ரேண்டியிடம் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. பணம் கட்டினால் வேறொரு பேராசிரியர் விடைத்தாளைத் திரும்பத் திருத்துவார், என் தம்பி அப்படித்தான் பாஸானான் என்று விளக்கினேன். ஜோக் என்று நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அது பரவிவிட்டது. நான் நிஜமாகவே குழுவுக்கு மெயில் போட்டது மனைவிக்கு மட்டும் தெரியும். “உங்க புரமோஷன் போனப்பகூட இவ்ளோ கோவம் வரலியே!” என்றாள்.

அடுத்த வாரம் யாழினி வீட்டுக்கு வந்தாள். “இட்ஸ் ஓகே, அப்பா. இட்ஸ் ஜஸ்ட் ஃபுட்பால்,” என்று என்னைத் தேற்றினாள். பேண்ட் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். பிறகு கார் நிறுத்தும் கராஜ் கதவைத் திறந்து வைத்து, டிராம்போனில் கல்லூரிப் பாட்டை வாசிக்க ஆரம்பித்தாள். ரேண்டி படித்தது வேறு கல்லூரி. இருந்தும் மனைவியோடு வாசலுக்கு வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துத் திருச்சியிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

“செலக்ட் ஆயிட்டீங்களாண்ணே?”

“இல்லடா. நம்மள எடுக்கல. அநியாயம் பண்ணிட்டானுங்க.”

“நம்மளன்னா யாருண்ணே? அந்த டீம்ல நம்மாளு யாராச்சும் ஆடுறாங்களா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாழினி பாட்டின் கடைசி அடிக்கு வந்துவிட்டாள். அந்த அடிக்கு எங்கள் கல்லூரிக்காரர்கள் எல்லோரும் அடையாளமாக மூன்று விரலை நீட்டிக் கையை உயர்த்த வேண்டும். ரேண்டி உயர்த்தினார். போனை இடது காதில் அழுத்திப் பிடித்தபடி நானும் வலது கையை உயர்த்தினேன். “அண்ணே, லைன்ல இருக்கீங்களா?” என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான்.