ஆறாவது கேள்விக்கு எழுதிய பதில்

மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், ஆபரேஷனுக்கு வருகிறவர்களை உட்காரவைத்து விவரம் எழுதுகிற நர்ஸ் அவள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. கடுகு சிஸ்டர் என்றால் வாசல் காவலாளிகூட வழிகாட்டுவார். சூடு ஏறினால் வெடிப்பாள் என்பதால் வந்த பெயர். இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை. செருப்பு மாற்றாமல் ஆபரேஷன் தியேட்டர் பக்கம் போன பெரிய டாக்டரை நாலு பேர் பார்க்கத் திருப்பி அனுப்பியவள்.

விவரத் தாளில் மொத்தம் பதினோரு கேள்விகள். ஆறாவது, 'தற்போது உட்கொள்ளும் மருந்துகள்'. அச்சில் இருக்கிறபடியே கேட்டால் உண்மை வராது என்பதை அவள் பட்டுத் தெரிந்துகொண்டாள். மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்தது மட்டும்தான் என்பது ஜனங்களின் எண்ணம். வேர், இலை, பொடி எதுவும் கணக்கில் சேராது. ஒரு லாரி ஓட்டுநர், மருந்து வாடையே ஆகாது என்று சத்தியம் செய்துவிட்டுப் போய்ப் படுத்தார். மூட்டுவலிக்கு மூன்று வருஷமாக ஏதோ கறுப்பு உருண்டை விழுங்கி வந்தவர் என்பது, ஆபரேஷன் மேசையில் ரத்தம் நிற்காமல் போனபிறகுதான் தெரிந்தது.

அன்றோடு கடுகு கேள்வியை மாற்றிக்கொண்டாள். "பொடி, கஷாயம், லேகியம், பக்கத்து வீட்டுக்காரங்க நல்லதுன்னு குடுத்தது, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்" என்பாள். அதில் கடைசி வாக்கியம் மட்டும் பொய். திட்டுவாள். ஆனால் முதலில் எழுதிக்கொள்வாள், பிறகுதான் திட்டுவாள்.

இப்படிப்பட்டவளின் தங்கைக்குப் பித்தப்பையில் கல் வந்தது. தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். முப்பத்தாறு வயது, ஒரு பெண் குழந்தை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற சுபாவம். ஆபரேஷனை வேறெங்கும் வைத்துக்கொள்ளக் கூடாது, என் கண்ணெதிரில்தான் நடக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கூட்டிவந்தவளே கடுகுதான்.

சேர்த்த அன்று மத்தியானம் மேசையில் ஒரே கூட்டம். தங்கையை நேராகக் கட்டிலுக்கு அனுப்பிவிட்டு, தாளைக் கடுகு தானே எழுதினாள். தங்கை எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள் என்பது வரைக்கும் தெரிந்தவளுக்குக் கேள்வி எதற்கு? ரத்த வகை, ஒவ்வாமை, பிரசவத்தில் நடந்த சிக்கல் எல்லாம் மனப்பாடம். ஆறாவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதி, அடுத்ததற்குப் போனாள். அத்தனை வருஷத்தில் வாயைத் திறந்து கேட்காமல் அவள் எழுதிய ஒரே தாள் அது.

மறுநாள் காலை தங்கையை உள்ளே கொண்டுபோய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவே வெளியே வந்தார். அவர் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. அன்று மட்டும் நடைபாதை முழுக்கக் கேட்டது.

"சிஸ்டர், உங்க தங்கச்சி வேற என்ன சாப்பிடுறாங்க? பல்ஸ் நூத்தி அறுபது. தாறுமாறா ஓடுது."

ஒன்றும் இல்லையே, தாளில் எழுதியிருக்கிறேனே என்றாள் கடுகு.

"தாளைப் படிச்சுட்டுதான் வரேன். நிஜம் என்னன்னு கேக்கறேன்."

கடுகு வார்டுக்கு ஓடினாள். தங்கையின் பையைக் கட்டில்மேல் கவிழ்த்தாள். மாற்றுத் துணி, சீப்பு, மகள் வரைந்து கொடுத்த படம், ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி. தங்கை கண்ணாடி போடுகிறவள் இல்லை. திறந்தால் உள்ளே இரண்டு மாத்திரை அட்டைகள். பச்சை நிறம், மேலே இலைப் படம். 'பசியடக்கி. நூறு சதவீதம் மூலிகை. பக்கவிளைவு அறவே கிடையாது.' ஓர் அட்டை முழுசாகக் காலி, மற்றதில் பாதி காலி. பின்புறம் ஒட்டியிருந்த சீட்டில் மருத்துவமனை வாசலுக்கு எதிரே இருக்கிற மருந்துக் கடையின் முத்திரை.

அட்டையைக் கையில் வாங்கியதும் டாக்டரம்மா ஆபரேஷனை நிறுத்திவிட்டார். கத்தி வயிற்றைத் தொடவில்லை. இதயத் துடிப்பை இறக்க மருந்து ஏற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு நாலு மணி நேரம் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கடுகு நின்றாள். உட்காரச் சொன்னவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தாள். பிழைப்பாளா மாட்டாளா என்று கேட்க மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

துடிப்பு நூறுக்குக் கீழே வந்தபிறகு டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். இந்த வகைச் சரக்கில் சில வெறும் நார். வயிற்றில் ஊறி உப்பி, சாப்பிட்டது போல ஏமாற்றும். ரொம்ப மெனக்கெட்டால் ஒன்றிரண்டு கிலோ குறையலாம், அதுவும் நிற்காது. சில இலைகள் கடுங்காப்பி போல நெஞ்சைப் படபடக்க வைக்கும். முறையாக நாலு பேருக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தவை மிகக் குறைவு. இவற்றைவிட மோசம், இலைக்கு வேகம் போதாதென்று, இதயத்தைக் கெடுக்கிறது என்று எப்போதோ தடைசெய்த மாத்திரையை அரைத்துக் கலந்துவிடுவது. இதில் அப்படி இருக்கும் என்று எனக்குச் சந்தேகம், சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். பட்டினி கிடந்து மளமளவென்று இளைக்கிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேர்வதும் உண்டாம்.

சாயங்காலம் தலைமை நர்ஸ் ஓர் அறிக்கையோடு வந்தார். நடந்ததை எழுதி மேலே அனுப்ப வேண்டும். கடுகுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்று காரணத்தை அவரே நிரப்பியிருந்தார். 'நோயாளி தகவலை மறைத்துவிட்டார்.' கையெழுத்துப் போட்டால் போதும், யாருக்கும் பாதகமில்லை, பேஷண்டை யார் தண்டிக்கப்போகிறார்கள் என்று பரிவாகத்தான் சொன்னார். கடுகு அந்த வரியை அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது.

"அவ மறைக்கல மேடம். நான் கேக்கல. அதை எழுதுங்க."

அதற்கு வந்த தண்டனை இரண்டு மாதம் அந்த மேசையை விட்டு விலகியிருப்பது. அப்படியே ஏற்றுக்கொண்டாள்.

மருந்துக் கடைக்காரரை மட்டும் அவள் விடுவதாக இல்லை. மறுநாள் சீருடையோடே போய், வரிசையில் நின்றவர்களைத் தாண்டி அட்டையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் அசரவில்லை. இலைதானே சிஸ்டர், இதற்கு டாக்டர் சீட்டே வேண்டாம், கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன், யாரையும் கையைப் பிடித்து இழுத்தா விற்கிறேன் என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. உங்கள் பெயரைச் சொல்லித்தான் இது நன்றாகப் போகிறது, எதிரே மருத்துவமனையில் இருக்கிற கடுகு சிஸ்டரின் தங்கையே வாங்குகிறார் என்றால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை என்று பெருமையாகச் சொன்னார். கடுகு வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"இதைத் தின்ன என் தங்கச்சி ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட கிடக்கறா. வாங்கறவங்க வாங்குங்க."

வரிசை கலைந்தது. ஆறாம் நாள் வந்த சோதனை முடிவு டாக்டரம்மாவின் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. தடைசெய்த மாத்திரை உள்ளே இருந்தது. அதிகாரிகள் வந்து கடையில் அந்த மாத்திரை இருந்த தட்டைக் காலி செய்தார்கள். கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கை காட்டினார். மொத்த வியாபாரி வேறு யாரையோ காட்டினார். கடை மட்டும் வழக்கம்போலத் திறந்திருந்தது. இலைப் படம் போட்ட வேறு டப்பாக்கள் அதே தட்டில் வந்து உட்கார்ந்தன.

அவள் கோபம் அடங்கவில்லை. விற்றவன் கிடக்கட்டும், எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண்ணை இதை விழுங்க வைத்தது யார்? கண்ணாடிக் கடை மேனேஜராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, தொலைபேசியில் அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். நின்று வியாபாரம் பார்க்கிறவளை ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டால், அவர் திருதிருவென்று விழித்திருக்க வேண்டும். உங்கள் தங்கைதான் எங்கள் கடையிலேயே ராசியான ஆள், நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றார். அடுத்து அகப்பட்டவர் தங்கையின் கணவர். எந்நேரமும் டிவி முன்னால் சாய்ந்து கிடக்கிற நீங்கள் அவள் உடம்பைப் பற்றிப் பேசினீர்களா என்று நடைபாதையில் வைத்துக் காய்ச்சினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு மாதமாக அவள் சாப்பாட்டைக் குழந்தை தட்டில் தள்ளிவிட்டதைக்கூடக் கவனிக்காத மடையன் நான் என்று மட்டும் சொன்னார்.

தங்கையைச் சாதாரண வார்டுக்கு மாற்றி மூன்றாம் நாள், அவள் அரைத் தம்ளர் கஞ்சியைக் குடித்துவிட்டு மீதியைத் தள்ளி வைத்தாள். கடுகு தம்ளரைத் திரும்ப அவள் கையில் திணித்தாள். முழுசாகக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"உன்னை யாருடி குண்டுன்னு சொன்னது? பேரைச் சொல்லு. எவனா இருந்தாலும் நான் பாத்துக்கறேன்."

யாரும் இல்லை, விடு என்றாள் தங்கை. கடுகு விடவில்லை. மேனேஜர் இல்லை, புருஷன் இல்லை, அப்புறம் யார் என்று மறுபடியும் மறுபடியும் கேட்டாள். தங்கை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீதான்க்கா."

கடுகுக்குப் புரியவில்லை.

"நீ சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டு வந்துட்டன்னு போன வருஷம் இங்க கொண்டுவந்தேன்ல. லிஃப்ட்ல உன்கூட வேலை பாக்கறவங்க ஏழெட்டுப் பேர். நான் ஏறினதும், இவ ஏறினா நாம ரெண்டு பேர் இறங்கணும்னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

எந்த லிஃப்ட், எந்த நாள்? கடுகு எவ்வளவு தேடியும் நினைவுக்கு வரவில்லை. அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்த வார்த்தைகள் அச்சு அசலாக அவளுடையவை. வேறு யாருக்கும் அப்படிப் பேச வராது. மேனேஜரைத் திட்டிய, கடைக்காரரைத் திட்டிய, தங்கை கணவரை அழவைத்த அதே வாய்தான் அது.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றாள் கடைசியில்.

"சொன்னா திட்டுவ" என்றாள் தங்கை, சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பை இத்தனை வருஷமும் சந்தோஷம் என்றே கடுகு நினைத்திருந்தாள்.