இப்போதைக்கு ஆபத்தில்லை

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவில் பிள்ளை பார்க்கும் ஆயாவாக இருந்தாள் பேச்சியம்மா. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் துரைசாணி பிள்ளையை அதட்டும்போது காதில் விழுந்ததுதான். அடுப்புப் பக்கம் போனால் ‘டேஞ்சர்’. குளத்தருகே ஓடினால் ‘டேஞ்சர்’. அந்தப் பிள்ளைக்கு ஒருமுறை காய்ச்சல் முற்றியபோது டாக்டர் ‘இன் கிரேட் டேஞ்சர்’ என்றார். துரைசாணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ‘அவுட் ஆஃப் டேஞ்சர்’ என்றார். துரைசாணி ஆயாவையே கட்டிக்கொண்டு அழுதாள். ஆபத்து என்ற சொல்லைவிட, அதோடு ஒட்டி வரும் சொல்லைத்தான் கவனிக்க வேண்டும் என்று அன்றைக்கே பேச்சியம்மாவுக்குப் பட்டது.

அறுபத்தொன்றாம் வருடம் ஆனி மழையில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த மேட்டு லயத்துக்குப் பின்னால் தேயிலைக்கு நடுவே மண் வெடித்தது. பேச்சியம்மா புருஷனோடும் பிள்ளைகளோடும் குடியிருந்தது அந்த லயத்தில்தான். புருஷன் அழகன் வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தான். முழங்கை வரை போனது.

கொழும்பிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்து பார்த்தார். பங்களா விறாந்தையில் தேநீர் குடித்தபடி துரையிடம் வேகமாக என்னென்னவோ சொன்னார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பேச்சியம்மாவுக்கு ஒரு துண்டுதான் பிடிபட்டது: ‘நோ இமீடியட் டேஞ்சர்.’ நடுவில் கிடந்த சொல் அவளுக்குப் புதிது.

மறுநாள் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில், “எஞ்சினியர் தொரையே பாத்துட்டாரு. ஒரு ஆபத்தும் இல்ல. போய் வேலையப் பாருங்க” என்று வேலை வாங்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி அறிவித்தார். அழகன் வந்து சொன்னதும் பேச்சியம்மா கேட்டாள்:

“நடுவுல ஒரு சொல்லு இருந்திச்சே. அத ஏன் விட்டுட்டாரு?”

அன்று சாயங்காலமே தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே படிப்பித்த துரைராசா மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர்.

“இமீடியட்டுன்னா என்னங்க மாஸ்டர்?”

“உடன எண்டு அர்த்தம். ஏன் கேக்கிறீங்கள்?”

கேட்டதை அப்படியே சொன்னாள். மாஸ்டர் சன்னல் வழியே மலையைப் பார்த்தார்.

“இப்ப ஆபத்தில்லை எண்டுதான் அவர் சொல்லியிருக்கிறார். பிறகும் வராதெண்டு சொல்லேல்லை.”

அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலை வைத்துவிட்டு எழுந்து போய் வெடிப்பைப் பார்ப்பாள். கூரையில் மழை வலுத்தால் பிள்ளைகளை வாசல் பக்கம் இழுத்துப் படுக்க வைப்பாள். லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் விஷயத்தைச் சொன்னாள். அது கண்டாக்கின் காதுக்குப் போனது.

“பீதியக் கெளப்புறியாமே? பத்துச்சீட்டு குடுத்தா குடும்பத்தோட எங்க போவ?”

அந்தச் சீட்டு வந்தால் வேலையும் வீடும் போய்விடும். குடியுரிமை இல்லாத அவர்களுக்குத் தோட்டத்தை விட்டால் போவதற்கு எந்த நாடும் இல்லாத காலம் அது. அழகன் அவளைத் தனியாக இழுத்துப் போனான்.

“கண்டாக்கு சொன்னதச் செய்வாருடி.”

“அவரு சொல்லிட்டுச் செய்வாரு. மல சொல்லாமலே செஞ்சிருமே.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. லயம் நிறைய ஆட்கள். காலையில் சாத்திய கதவு மதியம் பொருந்த மறுத்தது. பேச்சியம்மா நிலையைத் தடவிப் பார்த்தாள். சாய்ந்திருந்தது. வேறெதையும் யோசிக்கவில்லை. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு, மழையில் வாசல் வாசலாகக் கத்திக்கொண்டே போனாள்.

“எந்திரிங்க! பள்ளிக்கூடத்துக்கு வாங்க! உங்க வீட்டுக் கதவச் சாத்திப் பாருங்க, தெரியும்!”

சிலர் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களும் கதவைச் சாத்திப் பார்த்தார்கள். கடைசிக் காம்பராவில் குடியிருந்த வீரய்யா மட்டும் அசையவில்லை.

“நேத்துதான் மாடு கன்னு போட்டிருக்கும்மா. ரெண்டையும் ஓட்டிக்கிட்டுப் பின்னால வர்றேன். இவளக் கூட்டிட்டுப் போங்க.”

அவன் பெண்சாதி காளியாயியைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள் பேச்சியம்மா. மாஸ்டர் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார். ஈரச் சேலைகளைப் பிழிந்து முடிப்பதற்குள் மலை உறுமியது. தேயிலையோடு மண் இறங்கி லயத்தின் பாதியை வாரிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனது.

மாடும் கன்றும் எப்படியோ மேலே ஏறி நின்றன. வீரய்யா கிடைக்கவில்லை.

ஆட்கள் பேச்சியம்மாவைக் கும்பிட்டார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இன்னும் ரெண்டு வார்த்த சொல்லியிருந்தா வந்திருப்பாரு,” என்று அழகனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்டாக்கு பத்துச்சீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் பங்களாவில் பேசியதை வெளியே கொண்டுபோனாள் என்று துரைசாணி அவளை நிறுத்திவிட்டாள். பேச்சியம்மா கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள்.

பல மாதம் கழித்து, கீழே சமதரையில் புது லயம் கட்டினார்கள். பேச்சியம்மா பக்கத்துக் காம்பராவைக் காளியாயிக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். மழை பிடித்தால் இருவருக்கும் தூக்கம் வராது. ஒருத்தி இருமினால் மற்றவள் சுவரைத் தட்டுவாள்.

“முழிச்சுத்தான் இருக்கியா ஆயி?”

“இருக்கேன். நீ படு.”

இரண்டு பேரும் படுக்கமாட்டார்கள்.