அறிவக்கா கேட்ட அரக்குச் சேலை

அந்தத் தைவான் நாடகத்தை அறிவக்காவுக்குக் காட்டியது நான்தான். பழி என்னையும் சேரும். ஆனால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், ஒரு சேலைக்காகத் தம்பி கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று அவரை மட்டும்தான் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாயைத் திறந்து சொல்ல வழியில்லை. அதனால் பெயர்களை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை தரம் பிரிக்கும் கொட்டகையில் அறிவுச்செல்வி அக்காவுக்கும் எனக்கும் எதிரெதிர் மேசை. அக்கா இரண்டு முட்டைகளை லேசாகத் தட்டி, சத்தத்தை வைத்தே கீறல் விழுந்ததை ஒதுக்கிவிடுவார். கண்ணால் பார்த்தால் அந்தக் கீறல் தெரியவே தெரியாது. கணவருக்கு மேட்டூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். மற்றபடி அக்காவுக்கு எல்லாமே தம்பி யோகேஷ்தான். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். யோகேஷ் போர்வெல் வண்டியில் வேலைக்கு இருக்கிறான். வருடத்தில் ஒன்பது மாதம் சத்தீஸ்கர் பக்கம். மழை பிடித்தால் ஊருக்கு வருவான், கூட வேலை செய்யும் செந்தமிழனும் வருவான். ஆறு வருடமாக இருவருக்கும் ஒரே வண்டி, ஒரே சட்டிச் சோறு.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் கைப்பேசியில் நாடகம் பார்ப்பேன். மாஃபியா கும்பல் தலைவரின் மகன் ஒருவன், அவனுக்கு மெய்க்காவலனாக வந்தவன் ஒருவன். இரண்டு ஆண்களுக்கும் காதல். முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன கருமம் இது என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் சோற்றுப்போசியைத் திறப்பதற்கு முன்பே, "ஏப்பா, அந்தக் கருமத்தப் போடு" என்றார். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை நான் படித்துச் சொல்வேன்.

பார்க்கப் பார்க்கத் திட்டுவார். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினால் தீர்வதற்கு எதற்கு இத்தனை துப்பாக்கி? ஓடிப் போகிறவனைப் பிடித்து அறைக்குள் பூட்டி வைக்கிறான், அதற்குப் பின்னால் வயலின் வேறு. எனக்கும் அந்த இடம் பிடிக்காது. பூட்டி வைப்பது என்ன காதல்? ஆனால் அதே பையன் காயத்துக்குக் ஊதி ஊதிக் கட்டுப் போடுவான் பாருங்கள், அங்கே அக்கா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். பார்க்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

பத்தாவது பகுதியில் தலைவரின் மூத்த மகள், சமாதானத்துக்காக எதிர்க் கும்பல் பெண்ணைத் தம்பிக்கு நிச்சயம் செய்கிறாள். கல்யாணத்தன்று அவன் கழுத்து டையை அவளே கட்டிவிட்டுக் கன்னத்தைத் தட்டுகிறாள். மெய்க்காவலன் வாசலில் நிற்கிறான். தம்பி தரையைப் பார்க்கிறான். இவளெல்லாம் ஒரு அக்காளா என்று அறிவக்கா போட்ட சத்தத்தில் கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பிறகு சட்டென்று அடங்கி, நிறுத்து என்றார்.

யோகேஷுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். ராசிபுரத்துப் பெண், தனப்பிரியா. அலைந்து பெண் பார்த்தவர் அறிவக்கா. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் செந்தமிழனைக் கூப்பிட்டு, நீதான் மாப்பிள்ளைத் தோழன் என்று சொல்லியிருக்கிறார். அவன் வேலை இருக்கிறதென்று சொல்லி, காப்பியைத் தொடாமல் வாசலிலேயே நின்றிருக்கிறான். யோகேஷ் தரையைப் பார்த்திருக்கிறான். நாடகத்தை நிறுத்தச் சொன்ன அன்று சாயங்காலம் அக்கா கையிலிருந்து இரண்டு கீறல் முட்டைகள் நல்ல அட்டைக்குப் போயின. எட்டு வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையோடு அவனுடைய அக்காளோ தங்கையோ கூடையோடு நிற்பாள். ஒரே சேலை இருவரையும் இணைத்திருக்கும். அவள் நின்று கொடுத்த பிறகுதான் அவன் மணவறைக்குப் போவான். பதிலுக்கு அவளுக்குச் சேலை எடுப்பார்கள். சேலை பிடிக்கவில்லை என்று அக்காள் தங்கைகள் முறுக்கிக்கொள்வதும், பெரியவர்கள் போய்ச் சமாதானம் செய்வதும் எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான்.

நான்கு நாள் அக்கா நிலையாக நிற்கவில்லை. உட்காருவார், எழுவார், தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமலே வருவார். நாடகத்தின் மிச்சத்தையும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் என் கைப்பேசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் அம்மா பொன்னாத்தாள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருந்த நேரம். தம்பியை உட்காரவைத்து அந்த டை கட்டும் இடத்தைப் போட்டிருக்கிறார். மொழி தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. முழுதும் பார்த்துவிட்டு அவன் கேட்டானாம்:

"அந்த அக்காகாரி கடைசீல என்ன பண்ணுனா?"

"நா இன்னும் பாக்கல சாமி. உனக்கு இந்தக் கண்ணாலம் வேணுமா?"

"வேண்டாமுன்னா, ஏன்னு கேப்பாங்கல்லக்கா."

அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. "ஏன்னு கேக்காத மாதிரி நா பண்றேன்" என்று எழுந்துவிட்டார்.

சேலை எடுத்து வந்த அன்று ஆரம்பித்தார். பச்சையில் எடுத்திருந்தார்கள். எனக்கு அரக்கு வேண்டும், இதற்கு நான் இணைச்சீர் நிற்க மாட்டேன் என்று வாசலில் வீசியெறிந்தார். அரக்கு எடுத்து வந்தார்கள். கரை சின்னது என்றார். பெரிய கரை வந்தது. யாரோ கட்டிப் பார்த்த சேலை என்றார். பொன்னாத்தாள் அழுதார், கும்பிட்டார், கடைசியில் பெரியப்பா மகளை நிற்கவைக்கிறேன் என்றார். அப்படி யாராவது நின்றால் மண்டபத்துக்கே வந்து சத்தம் போடுவேன் என்றார் அக்கா. செய்தி ராசிபுரத்துக்குப் போனது. கூடப்பிறந்தவளே இப்படியென்றால் நம் பெண் அங்கே எப்படிப் பிழைக்கும் என்று அவர்களே நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். யோகேஷை ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அக்காவின் சேலைதான் காரணம் என்று எல்லோருக்கும் பதில் முன்பே தெரிந்திருந்தது.

மழை விட்டதும் யோகேஷும் செந்தமிழனும் வண்டிக்குப் போய்விட்டார்கள். பொன்னாத்தாள் மகளோடு இன்றுவரை பேசுவதில்லை. அக்கா என்னோடு உட்கார்ந்து நாடகத்தின் மிச்சத்தைப் பார்த்து முடித்தார். துப்பாக்கிச் சண்டை, கப்பல், இருவரும் ஒன்று சேர்ந்தாயிற்று. எனக்குக் கண்ணீர். அக்காவுக்குக் கோபம்.

"அந்தக் கண்ணாலப் பொண்ணு என்னானா? அவளப் பத்தி ஒரு சொல்லு காணோமே."

உண்மைதான், காட்டவே இல்லை. தனப்பிரியாவுக்கு வேறு இடம் அமைந்ததா என்று ராசிபுரத்திலிருந்து யார் பண்ணைக்கு வந்தாலும் அக்கா விசாரிக்கிறார். இதுவரை இல்லை. அந்தப் பதிலைக் கேட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

போன மாதம் ராய்ப்பூரிலிருந்து பண்ணை முகவரிக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் அரக்குச் சேலை, பெரிய கரை. அனுப்பியவர் இடத்தில் இரண்டு பெயர்கள் எழுதியிருந்தன, ஒரே கையெழுத்தில். அக்கா அந்தப் பெயர்த் துண்டை மட்டும் கிழித்தெடுத்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டே வேலைக்கு வந்தார். கடைசியில் சாதித்துவிட்டாள் பார் என்று பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆமாங்க, எனக்குப் புடிச்ச கலரு" என்று சொல்லிவிட்டு முட்டையைத் தட்ட ஆரம்பித்தார்.