சம்பந்தியோடு பேச ஒரு மொழி

டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பதினாறு வருடமாக முப்பத்தேழாம் எண் தடத்தில் பேருந்து ஓட்டுவதால், மெக்கானிக்கிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் 'முப்பத்தேழு அக்கா'தான். வயது ஐம்பத்திரண்டு. கணவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். ஒரே மகன். படிக்கப் போன வெளிநாட்டிலேயே வேலை தேடிக்கொண்டு, அங்கேயே கல்யாணமும் பண்ணிக்கொண்டான். மருமகளுக்குத் தாய்மொழி ரஷ்யன். பதிவு அலுவலகத்தில் அரை மணி நேரத்தில் முடிந்த அந்தக் கல்யாணத்தை அக்காவும் கணவரும் கைப்பேசியை அலமாரியில் சாய்த்துவைத்துப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் திரையில் நான்கு முகங்கள். இந்தப் பக்கம் அக்காவும் கணவரும். அந்தப் பக்கம் மருமகளும் அவளுடைய அம்மாவும். நடுவில் ஐந்தாவதாக மகன். அவன்தான் பாலம். சம்பந்தியம்மா இரண்டு நிமிடம் மூச்சுவிடாமல் பேசுவார், தலையை ஆட்டுவார், சிரிப்பார். மகன் திரும்பி, "சௌக்கியமான்னு கேக்கறாங்கம்மா" என்பான்.

"ரெண்டு நிமிஷமா சௌக்கியம் விசாரிச்சாங்களா?" என்று கணவர் ஒருநாள் கேட்டார்.

"அந்த பாஷையே அப்படித்தாம்ப்பா. நீளமா இருக்கும்."

அக்காவுக்கு அது உள்ளே உறுத்தியது. சந்தேகம் என்று சொல்ல முடியாது. பயணி ஒருவர் பின்னாலிருந்து ஏதோ கத்த, கண்டக்டர் அதை "ஒண்ணுமில்ல, போங்க" என்று சொன்னால் ஓட்டுநருக்கு எப்படி இருக்கும், அப்படி. மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்ற சேதி வந்த வாரம், பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பு அறிவிப்பைப் பார்த்தார். தையல், கணினி, ரஷ்ய மொழி. மூன்றாவதுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

கணவர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம். "புது லென்ஸ் போட்டுத் தரேன். அந்த எழுத்தெல்லாம் பொடிப்பொடியா இருக்கும்" என்றார்.

வகுப்பு நடந்தது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் அறையில். பெஞ்சு தாழ்வு. முழங்கால் மேசையில் இடிக்கும். மொத்தம் ஒன்பது பேர். ஆசிரியைக்கு மகனைவிட வயது குறைவு. அந்த மொழி பேசும் நாட்டில் ஏழு வருடம் இருந்துவிட்டு வந்தவர். முதல் நாள் எழுத்துகளைப் பலகையில் எழுதினார். ஆங்கிலத்து ஹெச் மாதிரி இருப்பது 'ந' என்றார். பி மாதிரி இருப்பது 'ர' என்றார்.

"அப்போ இதெல்லாம் மாறுவேஷத்துல திரியிற எழுத்துங்க" என்றார் அக்கா. அறை முழுக்கச் சிரித்தது. சின்ன பெஞ்சில் உட்கார்ந்த கூச்சம் எல்லோருக்கும் அதோடு போயிற்று.

அக்காவுக்குத் தன் மேல் எப்போதும் நம்பிக்கை உண்டு. பெண் ஓட்டுவதைப் பார்த்து ஏறாமல் நின்ற பயணிகளை இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பே பார்த்தவர். புதுத் தடம் கொடுத்தால் முதல் நாள் தடுமாறும், மூன்றாம் நாள் கைக்கு வரும், பத்தாம் நாள் கண்ணை மூடிக்கொண்டும் திருப்பம் தெரியும். மொழியும் ஒரு தடம்தானே என்று நினைத்தார். முனையத்தில் வண்டியை நிறுத்தினால் பத்து நிமிட ஓய்வு. டீ குடிக்கும் நேரத்தில் கண்டக்டர் ரஷ்யச் சொற்கள் எழுதிய சீட்டுகளைக் காட்டுவார், அக்கா படிப்பார். ஓய்வு பெற இரண்டு வருடம் மிச்சமிருந்த அந்தக் கண்டக்டர், கேட்டுக் கேட்டே நாற்பது சொல் கற்றுக்கொண்டார். படியில் தொங்குகிறவர்களை ரஷ்ய மொழியில் அதட்டிப் பார்த்தார். புரியாத அதட்டலுக்குப் பயம் அதிகம் என்று கண்டுபிடித்தவர் அவர்தான்.

இரண்டாம் மாதம் இலக்கணம் வந்தது. "ஆறு வேற்றுமை. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆறு விதமா வால் மாத்தும்" என்றார் ஆசிரியை. பக்கத்தில் இருந்த சதுரங்கப் பயிற்சியாளர் தலையில் கை வைத்தார்.

"நமக்கு எட்டு இருக்கே டீச்சர்" என்றார் அக்கா. "பள்ளிக்கூடத்துல அடி வாங்கிப் படிச்சோமே. ஐ, ஆல், கு..."

ஆசிரியை சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். "எங்க, 'எனக்கு ஐம்பத்திரெண்டு வயசு' சொல்லுங்க."

"எனக்கு ஐம்பத்திரெண்டு வயசு."

"'நான்'னு ஏன் ஆரம்பிக்கல?"

"நான் ஐம்பத்திரெண்டு வயசுன்னு யாராவது சொல்லுவாங்களா?"

"அங்கயும் சொல்ல மாட்டாங்க. 'ம்ன்யே'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. 'எனக்கு.' எனக்குக் குளிருது, எனக்குப் பிடிக்கும், எல்லாத்துக்கும் அதே 'ம்ன்யே'தான். 'நான் டிரைவர்'னா ரெண்டே சொல்லு. நடுவுல ஒண்ணும் வேண்டாம்."

அன்றிரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் அக்கா இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். வேற்று ஊரில் தெரியாத வீட்டுக்குள் போனால் அங்கே நம் வீட்டு நாற்காலி கிடக்கிற மாதிரி இருந்ததாம்.

ஆனால் எல்லாம் நாற்காலியாகக் கிடைக்கவில்லை. அழுத்தம் என்று ஒன்று உண்டு. ஒரே சொல்லில் பின்னால் அழுத்தினால் 'எழுதுவது', முன்னால் அழுத்தினால் 'ஒன்றுக்குப் போவது'. "எனக்குத் தினமும் நோட்டில் எழுதப் பிடிக்கும்" என்று அக்கா ஒருநாள் பெருமையாக எழுந்து சொன்னதில் அழுத்தம் இடம் மாறிவிட்டது. ஆசிரியை சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விளக்கம் கேட்டதும் அதிகம் சிரித்தவர் அக்காதான்.

பிறகு 'போவது'. அந்த மொழியில் நடந்து போனால் ஒரு சொல், வண்டியில் போனால் ஒரு சொல். ஒரு வழி மட்டும் போனால் ஒன்று, போய்த் திரும்பினால் வேறொன்று. சதுரங்கப் பயிற்சியாளர் அந்த வாரம் வகுப்புக்கே வரவில்லை. அக்காவுக்கு மட்டும் அது டிரிப் ஷீட் மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. "சிங்கிள் போனா ஒண்ணு, நாள்பூரா போயிட்டுப் போயிட்டு வந்தா இன்னொண்ணு. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ஆனா பேருந்து வருதுன்னு சொல்லும்போது மட்டும் 'நடந்து வருது'ன்னுதான் சொல்லணும்."

"அதுல என்ன அதிசயம்? நாங்களும் ஒரு நாளைக்கு எட்டு 'நடை'ன்னுதானே சொல்றோம்!"

ஆசிரியை அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

இப்படி நான்கு மாதம். வகுப்புக்குப் போவதை மகனிடம் சொல்லவில்லை. பேரப்பிள்ளை பிறக்கும் நாளில் வாய் நிறைய வாழ்த்திவிட்டு எல்லோரையும் திகைக்கவைக்க வேண்டும் என்பது திட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். முதலில் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சத்தத்துக்குள் சொல் கேட்டது.

அப்படிக் கேட்ட சொற்களில் ஒன்று 'நச்சால்னித்சா'. சம்பந்தியம்மா அதை இரண்டு முறை சொன்னார், இரண்டு முறையும் அக்காவைப் பார்த்தபடி. மகன் வழக்கம்போல, "சௌக்கியமான்னு கேக்கறாங்கம்மா" என்றான்.

அந்தச் சொல் பாடம் பதினொன்றில் இருந்தது. தலைமை அதிகாரி, பெண்பால்.

அடுத்த ஞாயிறும் அது வந்தது. கூடவே 'அம்மா', 'நேரமில்லை', 'நம்மோடு'. அக்கா சீட்டில் கிறுக்கி எடுத்துப்போய் ஆசிரியையிடம் காட்டினார். ஆசிரியை கொஞ்சம் தயங்கினார். "'உங்க அம்மா பெரிய அதிகாரி, நம்மகூடப் பேச அவங்களுக்கு எங்க நேரம்' அப்படிங்கற மாதிரி வருது. உங்க மகன் உங்களப் பத்தி வேற என்னவோ சொல்லியிருக்காரு போல."

மறுநாள் காலை முப்பத்தேழாம் எண் பேருந்து, தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் காத்திருந்த மூன்று பேரை விட்டுவிட்டுப் போனது. கண்டக்டர் விசில் அடித்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. இத்தனை வருடத்தில் ஒரு நிறுத்தத்தையும் அவர் தவறவிட்டதில்லை. வண்டியை ஓரம் கட்டி, அந்த மூன்று பேரும் ஓடிவந்து ஏறும்வரை காத்திருந்தார். மூன்றாவதாக ஏறிய கிழவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

கணவரிடம் சொன்னபோது அவர் கொதித்துப்போய்க் கைப்பேசியை எடுத்தார். அக்கா அதை வாங்கி மேசைமேல் வைத்தார். "வேண்டாம். நான் பேசிக்கறேன். அவங்க பாஷையிலயே."

மூன்று வாரம் ஒத்திகை. கண்ணாடி முன்னால், முனையத்தில், குளியலறையில். ஆசிரியை திருத்தினார், அழுத்தத்தைச் சிவப்பு மையில் குறித்துக் கொடுத்தார். நான்காம் ஞாயிறு காலை அக்கா தன் காக்கிச் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, நெஞ்சில் பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

திரையில் மகன் முகம் மாறியது. "என்னம்மா, இன்னிக்கு டூட்டியா?"

அக்கா அவனைப் பார்க்கவில்லை. "ஸ்வாத்யா" என்றார். சம்பந்தியம்மாவை அழைக்க அந்த மொழியிலும் தனியாக ஒரு சொல் உண்டு. சம்பந்தியம்மாவின் தலையாட்டல் பாதியில் நின்றது.

"யா நி நச்சால்னித்சா. யா வதீதில் அஃப்தோபுசா." நான் அதிகாரி இல்லை. நான் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருடமாக. எனக்கு என் வேலை பிடிக்கும். உங்களோடு பேச எனக்கு எப்போதும் நேரம் உண்டு.

ஐந்து வாக்கியம். இரண்டு இடத்தில் வால் தப்பு. அழுத்தம் எல்லாம் சரி.

மருமகள் மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவளுக்கும் அதுவரை தெரியாது. சம்பந்தியம்மா மாப்பிள்ளையிடம் கடகடவென்று என்னவோ கேட்டார். அதில் அக்காவுக்குப் புரிந்தது 'ஏன்' என்ற ஒரே சொல்தான். அது நான்கு முறை வந்தது. மகன் காது சிவக்கக் குனிந்துகொண்டான்.

பிறகு சம்பந்தியம்மா திரைக்கு அருகே வந்தார். பிள்ளைக்குச் சோறூட்டுகிற நிதானத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். அவருக்கு வேலை மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். ஒவ்வொரு ஞாயிறும் அதிகாரியம்மா பார்ப்பாரே என்று நல்ல சட்டை போட்டு, வெடிப்பு விட்ட கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருடமாக. சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் தூக்கித் திரைக்கு முன்னால் காட்டினார். அக்காவும் தன் கைகளைக் காட்டினார். ஸ்டீரிங் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கைகள். அடுத்த நிமிடம் இருவரும் சிரித்த சிரிப்பில் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மகன் தனியாகக் கூப்பிட்டான்.

"வேணும்னு சொல்லலம்மா. போக்குவரத்துத் துறையில வேலைன்னேன். பெரிய ஆபீசரான்னு கேட்டாங்க. வாய் தவறி ஆமான்னுட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல வழி தெரியல."

"வாய் தவறுறது ஒரு தடவைடா. ரெண்டு வருஷமா தவறுமா?"

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறானோ என்று தோன்றியது. அக்காவுக்கு மனம் இளகியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "உன் மேல கோபம் இருக்கு. அது போக வேண்டிய நேரத்துல போகும். ஆனா ஒண்ணு. இனிமே நானும் சம்பந்தியும் பேசும்போது நடுவுல நீ வாயத் திறக்கக் கூடாது."

அதுதான் அவனுக்குக் கிடைத்த தண்டனை. ஞாயிறுதோறும் அம்மா வேற்றுமையைக் குதறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, திருத்தவும் முடியாமல் அவன் நெளிந்தான். 'மழை பெய்கிறது' என்பதற்குப் பத்து நிமிடம் ஆன நாளும் உண்டு. கையைக் காட்டி, படம் வரைந்து, ஜன்னலைத் திறந்துவைத்து எப்படியோ சம்பந்திகள் பேசிக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் கையாட்டம் குறைந்தது. மகன் மேலிருந்த கோபமும் எப்போது போனதென்று தெரியாமல் போயிருந்தது.

பேத்தி பிறந்தபோது அக்கா இரண்டாம் நிலை வகுப்பில் இருந்தார். சேர்த்துவைத்த விடுப்பை மொத்தமாக எடுத்துக்கொண்டு, கணவரோடு போய் ஐந்து வாரம் தங்கினார். விமான நிலையத்தில் சம்பந்தியம்மா பேசிய வேகத்தில் அக்காவுக்குப் பாதி புரியவில்லை. "மெதுவா ஓட்டுங்க சம்பந்தி, இங்க வேகத்தடை இருக்கு" என்று அந்த மொழியிலேயே சொல்லித் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

மூன்றாம் வாரம் ஒரு சண்டை. பிள்ளைக்கு எவ்வளவு சூட்டில் தண்ணீர் விடுவது என்பதில் ஆரம்பித்தது. அக்கா முழங்கையை விட்டுப் பார்த்து, சூடு போதாது என்றார். சம்பந்தியம்மா வெப்பமானியைத் தூக்கிக் காட்டினார். "நான் ஒரு பிள்ளை வளர்த்தவள்" என்றார் இவர். "நானும்தான்" என்றார் அவர். குரல் ஏறியது. அகராதி தேட நேரமில்லை. சொல் தன்னால் வந்து விழுந்தது. கணவரும் மகனும் பால்கனிக்கு ஓடிவிட்டார்கள். மருமகள் பிள்ளையைத் துண்டோடு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "அத்தை, நீங்க இப்ப ஒரு தப்புகூட இல்லாமப் பேசினீங்க" என்றாள், கணவனிடம் கற்றுவைத்திருந்த தமிழில்.

அக்கா திகைத்து நின்றார். தான் என்னென்ன சொன்னோம் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். வால்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சம்பந்தியம்மா வெப்பமானியை மூலையில் வைத்துவிட்டு, "சண்டையில தோத்தாலும் பரவாயில்ல, தேர்வுல பாஸ்" என்று ரஷ்ய மொழியில் முணுமுணுத்தார்.

"தோத்தது யாரு?" என்றார் அக்கா, அதே மொழியில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே. தண்ணீர் அதற்குள் ஆறிப்போயிருந்தது. இருவருமாகப் பாத்திரத்தைத் தூக்கி மறுபடி அடுப்பில் வைத்தார்கள்.