சிவப்புக் கோடு அடித்த வரி

எனக்குப் படிவம் என்றாலே எரிச்சல். வீட்டுக்கு ஏதாவது விண்ணப்பம் வந்தால் மகன்தான் நிரப்ப வேண்டும், நான் தொடமாட்டேன். வயசான கிறுக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசுவதுதான் வேலை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். புகையில்லா அடுப்பு போட்டுக் கொடு, குழந்தைகளுக்குப் பால்மாவு கொடு, மாதர் சங்கத்தைக் கூட்டு, பிள்ளைத்தாய்ச்சிக்கு உடம்பு சரியில்லை என்றால் நர்ஸம்மாவிடம் சொல். நல்ல வேலைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு, ஒரு அறிக்கை. வாரத்துக்கு நாலைந்து சுற்றறிக்கை சைக்ளோஸ்டைலில் வரும், பாதி எழுத்து தெரியாது. போன வாரம் கேட்டதையே இந்த வாரம் வேறு கட்டம் போட்டுக் கேட்பார்கள். பதில் போகாவிட்டால் நினைவூட்டல், அதற்கும் போகாவிட்டால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம். அடுப்பைப் பற்றி எழுதியே எனக்கு அடுப்பு போட நேரமில்லாமல் போயிற்று.

முதல் ஆறு மாதம் அழுதேன். சும்மா சொல்லவில்லை, திருப்புலிவனத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒருநாள் பையைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதேன். பிறகு ரோஷம் வந்தது. போயும் போயும் காகிதத்திடமா தோற்பது என்று யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

ஒரே ஒரு சின்ன நோட்டு. போகிற இடத்தில் பார்த்தது, கேட்டது எல்லாம் அதில், ஆளுக்கு ஒரு வரி. சாயங்காலம் ஆபீசில் உட்கார்ந்து, எந்த வரி எந்த அறிக்கையின் எந்தக் கட்டத்துக்குப் போகுமோ அதில் சேர்ப்பேன். சேர்த்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவேன். அடிபடாமல் நிற்கிற வரிதான் மறுநாள் வேலை. அவ்வளவுதான் விஷயம். அதற்கப்புறம் என் அறிக்கை ஒருநாளும் தாமதமாகவில்லை. "இன்னாம்மா மாயம் பண்ற, மத்தவங்களுக்கும் சொல்லிக் குடு" என்றார் எங்கள் அதிகாரி. மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று மற்ற சேவிகாக்களுக்கு என் வழியை விளக்கினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் நடவு நேரத்தில், மானாம்பதிக்குப் போகிற வழியில் கூலி வேலைக்காரர்கள் குடியிருப்பு ஒன்றில், ஒரு ஆள் என்னை நிறுத்தினான். அவன் பெண்சாதிக்கு அது தலைப்பிள்ளை.

"கால் ரெண்டும் வீங்கிக்கினு கீதும்மா. தல வேற நோவுதுன்றா. நர்ஸம்மாவாண்ட சொல்றீங்களா?"

உள்ளே போய் அவள் காலை அழுத்திப் பார்த்தேன். என் கட்டைவிரல் பதிந்த குழி அப்படியே நின்றது. வீக்கமும் தலைவலியும் சேர்ந்து வந்தால் ஆபத்து என்று பயிற்சியில் படித்திருந்தேன். "நாளைக்கே வருவாங்க, கவலைப்படாதே" என்று சொல்லி, அவர்கள் எதிரிலேயே நோட்டில் எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை அவன் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் மூன்று அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 'சந்தித்த கர்ப்பிணிகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அவளை அதில் சேர்த்தேன். சேர்த்ததும், கை பழகிய பழக்கம், வரியை அடித்துவிட்டேன். மறுநாள் காலை நோட்டைத் திறந்தால் ஒரு அடுப்புக் குழாயும் இரண்டு பால்மாவு டின்னும்தான் நின்றன. அந்த வேலைகளை முடித்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது அவன் குடிசை வாசலில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். அவளுக்குக் கைகால் இழுத்து வலிப்பு வந்ததாம். தாயும் போய், பிள்ளையும் போய்விட்டது.

"பக்கத்து வூட்டுக்காரரு வண்டி கட்டி காஞ்சிபுரத்துக்கு இட்டுக்கினு போலாம்னாரும்மா" என்றான். "நான்தான் வாணாம்னேன். நீங்கதான் நோட்டுல எய்திக்கினீங்களே, நர்ஸம்மா வந்துருவாங்கன்னு காத்துக்கினு இருந்தோம்."

பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினேன். அவள் வரி இருந்தது, குறுக்கே சிவப்பாக. அவனுக்குப் படிக்கத் தெரியாது. நோட்டை மூடினேன்.

"நீங்க சொல்லியும் அந்தம்மா வரல பாருங்க" என்றான்.

இல்லையப்பா, நான் சொல்லவே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பயம், வேறென்ன. ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டின தலையை அன்றைக்கே யாராவது வெட்டியிருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து நர்ஸம்மா என்னைத் தேடி ஆபீசுக்கே வந்தாள். என்னைவிடச் சின்னவள், வேலையில் சோம்பல் என்பதே தெரியாதவள்.

"அக்கா, அந்தக் குடியிருப்புல யாரும் எனக்கு மொகம் குடுக்க மாட்டேன்றாங்க. தண்ணி கேட்டாக்கூட உள்ள போய்டறாங்க. நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெரியலக்கா. நீங்கதான் அவங்களாண்ட பேசுவீங்க, கொஞ்சம் கேட்டு சொல்றீங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் எதிரிலேயே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.